ரெடிமேட் மென்பொருளா, நமக்கென்று எழுதி வாங்குவதா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கட்டுமான இயந்திரங்களை வாடகைக்கு விடும் நிறுவனம், முப்பது பேர் வேலை செய்கிறார்கள். கணக்கு ஒரு பழைய மென்பொருளில் இருக்கிறது, மற்றதெல்லாம் எக்செல்லில். எக்செல் இனிமேல் தாங்காது என்ற நிலை. சந்தையில் கிடைக்கும் ஈஆர்பி ஒன்றை (கணக்கு, ஸ்டாக், பில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவனிக்கும் மென்பொருள்) வாங்குவதா, ஒரு டெவலப்பர் குழுவிடம் கொடுத்து நமக்கென்றே எழுதி வாங்குவதா? ரெடிமேட்தான் பாதுகாப்பு என்கிறார் ஒருவர். நாளைக்கு வளரும்போது ரெடிமேட் கழுத்தைப் பிடிக்கும் என்கிறார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வேறு வேறு வேலைகளுக்கு. நிறுவனத்துக்கு எது நல்லது என்று கேட்டால் வாழ்நாள் முழுக்க விவாதிக்கலாம். எந்த வேலைக்கு எது என்று பிரித்துக் கேட்டால் முக்கால்வாசி பதில் அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

சம்பளம் போடுவது, பேரேடு எழுதுவது, வரி தாக்கல் செய்வது, மின்னஞ்சல், விடுப்புக் கணக்கு. இதையெல்லாம் நீங்கள் ஊரில் உள்ள மற்ற நிறுவனங்களைப் போலத்தான் செய்கிறீர்கள், அப்படித்தான் செய்யவும் வேண்டும். வரி விதி மாறினால் அதற்கேற்ப மென்பொருளை மாற்றுவது விற்பவரின் தலைவலி. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்காக அவர் அதை ஒரே முறை செய்கிறார், உங்களுக்கு அப்டேட்டாக வந்து சேர்கிறது. சம்பளக் கணக்கை உங்களுக்கென்றே புதிதாக எழுதித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் மிஞ்சுவது உங்கள் தொழிலின் நடுப்பகுதி: எந்த இயந்திரம் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் வாடகை, என்ன நிலையில் திரும்பி வந்தது. இங்கேதான் கேள்விக்கு உயிர் இருக்கிறது.

உங்கள் முறை மற்றவர்களிடமிருந்து எங்கே விலகுகிறது என்று கண்டுபிடிக்கக் கூட்டம் போடத் தேவையில்லை. இப்போது இருக்கும் எக்செல் தாள்களைத் திறந்து 'குறிப்பு' என்று தலைப்பிட்ட பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். '3 நாள் மழை, கழிக்கவும்.' 'வண்டி மாற்றிக் கொடுத்தது, பழைய வாடகையே.' 'டீசல் அவர்கள் செலவு.' 'பக்கெட் பல் உடைந்து வந்தது, அடுத்த பில்லில் சேர்க்கவும்.' கட்டத்துக்குள் அடங்காத விஷயத்தையெல்லாம் உங்கள் ஆட்கள் அங்கேதான் எழுதியிருப்பார்கள். அதில் ஒவ்வொரு வரியும் எங்கும் எழுதப்படாத ஒரு விதி. ஒரே மாதிரிக் குறிப்பு மாதத்தில் நாற்பது தடவை வந்தால் அது உங்கள் தொழிலின் விதி, மென்பொருளுக்கு அது தெரிந்தாக வேண்டும். வருடத்தில் இரண்டு தடவை வந்தால் அதை மனிதரிடமே விட்டுவிடலாம். அதற்காகக் கோடு (மென்பொருள் நிரல்) எழுதுவது வீண்.

டெவலப்பரிடம் போகும்போது பலர் இந்தப் பட்டியல் இல்லாமல் போகிறார்கள். அமெரிக்காவின் எஃப்பிஐ தன் வழக்குக் கோப்புகளுக்காக எழுத வைத்த 'விர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற மென்பொருளை 2005-ல் கைவிட்டது. அதற்குச் சுமார் 17 கோடி டாலர் செலவாகியிருந்தது. தணிக்கை அறிக்கைகள் சொன்ன காரணங்களில் முக்கியமானது, என்ன வேண்டும் என்பது தெளிவாக வரையறுக்கப்படாமல் போகப்போக மாறிக்கொண்டே இருந்தது என்பதுதான். அவ்வளவு பெரிய அமைப்புக்கே அது நடந்தது.

சரி, பட்டியல் கையில் இருக்கிறது. அடுத்த வேலை டெமோ.

விற்பவர் காட்டும் டெமோவில் எந்தப் பில்லும் சிக்காது. அது அவரே தேர்ந்தெடுத்த பில். நீங்கள் போன மாதத்தின் மிக மோசமான ஒரு பில்லை எடுத்துப் போங்கள். உதாரணமாக இப்படி ஒன்று: இயந்திரம் வெளியே போனது 20 நாள். ஏழாம் நாள் பழுதானது, இரண்டு நாள் சும்மா நின்றது. ஒன்பதாம் நாள் வேறு வரிசை எண் கொண்ட இயந்திரம் மாற்றாகப் போனது. இருபதாம் நாள் இயந்திரம் திரும்பியது, ஆனால் அதோடு போன பிரேக்கர் (பாறை உடைக்க மாட்டும் கருவி) 23-ஆம் நாள்தான் வந்தது. இதை நம் கண் முன்னால் உள்ளிடுங்கள் என்று கேட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்து பாருங்கள்.

வாங்கி விற்கும் வியாபாரத்துக்காக எழுதிய பொது ஈஆர்பி என்றால் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். அதன் கண்ணில் பொருள் வெளியே போவது விற்பனை, திரும்பி வருவது விற்பனைத் திருப்பம். நடுவில் உள்ள நாட்கள் அதற்குத் தெரியாது. விற்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாடகையை ஒரு சேவையாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பார். பில் வந்துவிடும், ஆனால் எந்த இயந்திரம் எங்கே நிற்கிறது என்பது ஸ்டாக்கில் தெரியாது. அப்படியென்றால் வரிசை எண்ணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் என்பார். எக்செல்லில் எதிலிருந்து தப்பி வந்தீர்களோ அதே குறிப்புப் பத்திக்குத் திரும்பிவிட்டீர்கள், இந்த முறை சந்தா கட்டி.

ஆனால் இதை வைத்து உடனே தனியாக எழுதலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரெடிமேட் என்பது ஒரே வகை இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஈஆர்பி ஒரு பக்கம். ஒரே ஒரு தொழிலுக்காக எழுதி விற்கும் மென்பொருள் இன்னொரு பக்கம். மருத்துவமனை, அச்சகம், விடுதி என்று தனித்தனியாக இருப்பதுபோல இயந்திர வாடகைக்கென்றும் இருக்கிறது. தங்களுக்குத் தனியாக எழுத வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் பொது ஈஆர்பியை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள். வாடகைக்கென்றே எழுதிய இரண்டு மூன்றை அதே மோசமான பில்லோடு சோதித்துப் பாருங்கள். பத்தில் எட்டு விதி அதில் அடங்கினால் மீதி இரண்டுக்காக ஒரு மென்பொருளே எழுத வேண்டியதில்லை.

அந்த மீதி இரண்டில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. ரெடிமேட், தனியாக எழுதுவது என்று இரண்டு வழிதான் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறோம். மூன்றாவது ஒன்று உண்டு, யாரும் அதைத் தெரிந்து தேர்ந்தெடுப்பதில்லை, வழுக்கி அதில் போய் விழுவார்கள். ரெடிமேடை வாங்கி, இது கொஞ்சம் மாற்றுங்கள், அது கொஞ்சம் மாற்றுங்கள் என்று அதன் கோடுக்குள்ளேயே கை வைத்து வளைப்பது. ரெடிமேடுக்கான சந்தாவும் போகும், எழுதி வாங்குவதற்கான செலவும் போகும். அடுத்த பதிப்பு வரும்போது உங்கள் மாற்றங்கள் அதில் ஒட்டாது. அப்டேட் போடவே பயந்து பழைய பதிப்பிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள். அப்புறம் விற்பவர் அந்தப் பதிப்புக்கு ஆதரவை நிறுத்துவார்.

ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம் 2011-ல் எஸ்ஏபி மென்பொருளுக்கு மாறத் தொடங்கி 2018-ல் திட்டத்தைக் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. சிக்கலுக்கு வேராகச் சொல்லப்பட்ட விஷயம் கேட்கச் சின்னதாக இருக்கும். அந்த மென்பொருள் இருப்பின் மதிப்பைச் சில்லறை விற்பனை விலையில் கணக்கிடும், லிடில் வழக்கமாக வாங்கிய விலையில் கணக்கிடும். நிறுவனம் தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைத்தார்கள். மதிப்பீட்டு முறை என்பது கொள்முதல், பில், லாபம் என எல்லாவற்றையும் தொடுகிற நரம்பு என்பதால் வளைக்க வளைக்க வேலை பெருகியது.

பிரிட்டனில் பர்மிங்காம் நகராட்சி 2022 ஏப்ரலில் ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறியது. தொடக்கத்தில் மதிப்பிட்ட செலவு 1.9 கோடி பவுண்டு, பின்னால் போட்ட மதிப்பீடு 10 கோடியைத் தொட்டது. வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பகுதியைத் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்திருந்தார்கள், அது ஒழுங்காக ஓடவில்லை. கடைசியில் மாற்றங்களை விட்டுவிட்டு, மென்பொருள் வரும் விதத்திலேயே மறுபடி நிறுவுவது என்று முடிவெடுத்தார்கள். வங்கிச் சரிபார்ப்பு எந்த ஊரிலும் யாருக்கும் தனித் திறமை தேவைப்படும் வேலை இல்லை. அங்கே போய் வளைத்ததுதான் இதில் வேதனை.

ஆகவே செட்டிங்கில் மாற்றுவதையும் கோடில் மாற்றுவதையும் பிரித்துப் பாருங்கள். புதிய பத்தி சேர்ப்பது, பில்லின் தோற்றத்தை மாற்றுவது, யார் ஒப்புதல் தர வேண்டும் என்று வைப்பது, இதெல்லாம் செட்டிங். தாராளமாகச் செய்யலாம். 'அதற்கு எங்கள் டெவலப்பர் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்' என்று விற்பவர் சொன்ன நொடியில் நீங்கள் மூன்றாவது வழியின் வாசலில் நிற்கிறீர்கள். அங்கே ஒரே கேள்வி கேளுங்கள்: இதை நாம் ஏன் இப்படிச் செய்கிறோம்? 'வாடிக்கையாளர் இதற்காகத்தான் நம்மிடம் வருகிறார்' என்றால் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். 'பழைய மேனேஜர் காலத்திலிருந்து இப்படித்தான்' என்றால் மென்பொருள் சொல்கிறபடி மாறிக்கொள்ளுங்கள். இரண்டாவது பதில்தான் அதிகம் வரும், முகம் கோணாமல் ஏற்றுக்கொள்வது கடினம்.

தனியாக எழுதுவதற்கு நியாயம் எப்போது? உங்கள் விதிகள் எந்த ரெடிமேடிலும் அடங்கவில்லை, அந்த விதிகளால்தான் உங்களுக்குப் பணம் வருகிறது, இரண்டும் சேர்ந்தால். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1960-களில் ஐபிஎம்முடன் சேர்ந்து சேபர் என்ற இருக்கை முன்பதிவு அமைப்பை உருவாக்கியபோது, வாங்கிப் போட அப்படி ஒரு பொருளே சந்தையில் இல்லை. கனடாவில் பனிச்சறுக்குப் பலகைகளை இணையத்தில் விற்கத் தொடங்கிய ஒரு கடை, அன்று கிடைத்த இணையக்கடை மென்பொருள் எதுவும் பிடிக்காமல் தானே எழுதிக்கொண்டது. 2006-ல் அந்த மென்பொருள்தான் ஷாப்பிஃபை என்ற பெயரில் வெளியே வந்தது. இந்தக் கதையை டெவலப்பர்கள் ரொம்ப ஆசையாகச் சொல்வார்கள். அந்தக் கடையை நடத்தியவரே ஒரு புரோகிராமர் என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

தனியாக எழுதுவதில் ஒப்பந்தத் தொகையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். யானையை வாங்குவது ஒரு செலவு, கட்டித் தீனி போடுவது வேறு செலவு. நீங்கள் ஒரு வரியும் மாற்றச் சொல்லாவிட்டாலும் அடியில் உள்ள தளம் நகர்ந்துகொண்டே இருக்கும். பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது, அதில் எழுதியவர்கள் எல்லோரும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல்தொகுப்பில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ரெடிமேட் வைத்திருந்தவர்கள் விற்பவரின் அப்டேட்டுக்காகக் காத்திருந்தார்கள். தனியாக எழுதி வைத்திருந்தவர்கள், நம் மென்பொருளுக்குள் அது இருக்கிறதா என்று சொல்லக்கூடிய ஆளைத் தேடினார்கள். அந்த ஆளுக்கான செலவு ஒவ்வொரு வருடமும் உண்டு. அதை எழுதாத பட்ஜெட் பட்ஜெட்டே இல்லை.

ஒப்பந்தத்தில் நான் விடாமல் பார்ப்பது சில. சோர்ஸ் கோடின் பதிப்புரிமை உங்களுக்கு மாற்றித் தரப்படுகிறது என்று எழுத்தில் இருக்க வேண்டும். பல நாடுகளில், வெளியாள் எழுதிய மென்பொருளின் உரிமை, பணம் கொடுத்துவிட்ட காரணத்தாலேயே உங்களுக்கு வந்துவிடாது. சர்வர், டொமைன், கோடு இருக்கும் களஞ்சியம் ஆகிய கணக்குகள் முதல் நாளிலிருந்தே உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். அப்புறம் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை: திட்டத்தில் இல்லாத வேறொரு டெவலப்பரை ஒரு நாளைக்குக் கூப்பிட்டு, வெறும் கணினி ஒன்றைக் கொடுத்து, கையில் உள்ள கோடையும் குறிப்புகளையும் பேக்கப்பையும் மட்டும் வைத்து இதை ஓட வையுங்கள் என்று சொல்லுங்கள். ஓடினால் மென்பொருள் உங்களுடையது. 'இந்தக் கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கும்', 'இந்தக் கோப்பு இங்கே இல்லை' என்று வந்தால் நீங்கள் வாங்கியது மென்பொருளை அல்ல, எழுதியவரின் தயவை.

ரெடிமேடிலும் தயவு உண்டு, இடம்தான் வேறு. அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம், வாடிக்கையாளர் தன் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் வகை மென்பொருட்களுக்கான ஆதரவை 2024 பிப்ரவரியில் நிறுத்தியது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கிய விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தில், ஒருமுறை வாங்கி எப்போதும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை அடுத்த மாதமே நின்று, எல்லாம் சந்தா ஆனது. எந்த வாடிக்கையாளரையும் கேட்டுவிட்டு இதைச் செய்வதில்லை. இதற்கு ஒரே காப்பு, வெளியேறும் வழியை உள்ளே நுழையும்போதே சோதித்துக்கொள்வது. இலவசச் சோதனைக் காலத்திலேயே முழு டேட்டாவையும் இறக்கிப் பாருங்கள். வாடிக்கையாளர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எல்லோரும் தந்துவிடுவார்கள். எந்தப் பில் எந்த ஒப்பந்தத்தைச் சேர்ந்தது, எந்த இயந்திரத்துக்கு, அதோடு இணைத்த புகைப்படம் எது என்கிற தொடர்புகள் அந்தக் கோப்பில் இருக்கின்றனவா என்பதுதான் விஷயம். பெரும்பாலும் இருக்காது.

ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறமூல ஈஆர்பிகளைப் பற்றியும் கேட்பீர்கள். கோடு உங்கள் கையில் இருப்பது பெரிய பலம். ஆனால் கோடு கையில் இருப்பதாலேயே அதில் கை வைக்கும் ஆசையும் அதிகம், லிடில் போன பாதைக்கு அதுவே குறுக்குவழி. மூலக் கோடைத் தொடாமல் தனி மாட்யூலாக எழுதிச் சேர்ப்பவர் கிடைத்தால் நல்ல தேர்வு. இல்லையென்றால் வேண்டாம்.

'ஏஐயிடம் சொன்னால் ஒரு வாரத்தில் எழுதித் தருகிறது, இன்னும் எதற்கு வாங்குவது' என்ற கேள்வி இப்போது கட்டாயம் வருகிறது. எழுதும் வேலை மலிவாகியிருப்பது உண்மை. முன்பெல்லாம் கட்டுப்படியாகாது என்று விட்ட சின்னச் சின்னக் கருவிகளை, உதாரணத்துக்கு நாளை திரும்ப வேண்டிய இயந்திரங்களின் பட்டியலை ஓட்டுநர்களுக்கு அனுப்பும் ஒன்றை, இன்று தயங்காமல் எழுதலாம். ஆனால் அந்த நாற்பது குறிப்புகளுக்குப் பின்னால் உள்ள விதி என்ன என்று அதற்குத் தெரியாது. யார் எதைப் பார்க்கலாம், பேக்கப் திரும்ப வருகிறதா, ராத்திரி நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, இவற்றுக்கான செலவு குறையவும் இல்லை. பணம் கைமாறும் இடத்தில் யாருமே படித்துப் பார்க்காத கோடை ஓடவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் என் முடிவு இது. கணக்கும் சம்பளமும் ரெடிமேட், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாடகைப் பகுதிக்கு முதலில் அந்தத் தொழிலுக்கென்று உள்ளதைத் தேடுங்கள், மோசமான பில்லோடு. அது தோற்றால் மட்டும், வாடகைப் பகுதியை மட்டும் தனியாக எழுத வையுங்கள். பில் தொகையை அது ஏபிஐ (இரண்டு மென்பொருட்கள் தமக்குள் தகவல் பரிமாறும் இணைப்பு) வழியாகக் கணக்கு மென்பொருளுக்கு அனுப்பினால் போதும்.

இரண்டு மென்பொருள் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொந்தக்காரர் என்று எழுதி வையுங்கள். வாடிக்கையாளரின் முகவரியும் வரிப் பதிவு எண்ணும் கணக்கு மென்பொருளில் மட்டும்தான் திருத்தப்படும், வாடகைப் பக்கம் அதைப் படிக்க மட்டும் செய்யும் என்பதுபோல. இரண்டிலும் திருத்த விட்டால் ஒன்றில் புதிய எண்ணும் இன்னொன்றில் பழைய எண்ணும் இருக்கும், பில் பழைய எண்ணில் போகும், வாடிக்கையாளர் பணத்தை நிறுத்தி வைப்பார். இணைப்பில் வரும் பிரச்சினைகளில் பாதி இந்த வகைதான்.

எக்செல்லை உடனே மூடவும் வேண்டாம், நீண்ட நாள் நம்பவும் வேண்டாம். அது மெதுவாவதுகூடப் பெரிய ஆபத்தில்லை, சத்தமில்லாமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பைப் பயன்படுத்தியதில், அந்த வடிவத்தின் 65,536 வரி எல்லையைத் தாண்டியவை கழன்றுபோய், 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் வராமல் போயின. புதிய மென்பொருளையும் எக்செல்லையும் ஒரு முழு பில் மாதத்துக்குச் சேர்த்தே ஓட்டுங்கள். இரண்டின் மொத்தமும் ஒத்துப்போன பிறகு எக்செல்லைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வேலை கிடக்கிறது. உங்கள் எக்செல்லில் ஒரே இயந்திரம் மூன்று பெயரில் இருக்கும்: ஒரு தாளில் மாடல் எண், இன்னொன்றில் வண்டியின் நிறம், மற்றொன்றில் ஓட்டுநர் வைத்த பட்டப்பெயர். யாராவது களத்துக்குப் போய், இயந்திரத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் பார்த்து எழுதி, இவற்றை ஒரே பட்டியலாக்க வேண்டும். வாங்கினாலும் எழுதினாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது. டெமோக்கள் ஒரு பக்கம் நடக்கட்டும், இதை இந்த வாரமே தொடங்கிவிடலாம்.